அர்த்தநாரியின் காலி எடை

சங்ககிரியில் வீட்டுக்கு ஒரு லாரியோ, லாரி ஓட்டும் ஒருவரோ, லாரியோடு போய்த் திரும்பாத ஒருவரோ இருந்த நாட்களில், ஊருக்கு மேற்கே நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் என் கணவர் அர்த்தநாரி வேலை பார்த்தார். எளிய வேலைதான். காலி வண்டி வந்து மேடையில் ஏறினால் அதன் காலி எடையைக் குறித்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும், அதே வண்டி சரக்கேற்றிக்கொண்டு திரும்பி வந்தால் லோடு எடையைக் குறிக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு, அதற்கு மேல் யோசிக்க அதில் ஒன்றுமில்லை. காலையில் முதல் வண்டி வருமுன், எண் காட்டும் பெட்டி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க அவரே மேடையின் நடுவில் போய் நின்று அறைக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார், சிவப்பு எழுத்தில் அறுபது கிலோ என்று காட்டும், இறங்கிவிடுவார். பதினோரு வருடமாக அறுபதுதான்.

அந்தப் பதினோரு வருடமும் அவர் குடித்தார். சத்தமில்லாத குடி. பல் விளக்குமுன் ஒரு முறை, பதினொரு மணிக்கு ஒரு முறை, அப்புறம் மாலையில் உட்கார்ந்து நிதானமாக. யாரையும் அடித்ததில்லை, சாக்கடையில் விழுந்ததில்லை, ஒரு சீட்டில் ஓர் எண்ணைப் பிசகாக எழுதியதில்லை; அதனால் ஊர் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தங்கமான மனுசன், அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டார்னா போதும் என்று சொல்லி முடித்துக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பி.ஏ. படித்தவள், கிளை நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள், எனக்கும் அதைவிட ஆழமாக ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் குடியை விட வேண்டுமென்றால் முனியப்பன் கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள். எத்தனை நாளைக்குத் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பூசாரி மணிக்கட்டில் கயிற்றைக் கட்டுவார், கயிறு இருக்கும்வரை அந்தக் கை பாட்டிலைத் தொடாது. கட்டிக்கொண்டவரைவிடக் கூட்டிப்போனவர்களுக்குத்தான் அதில் மகிழ்ச்சி அதிகம். என் கணவரைக் கூட்டிப்போனவர்கள் மூன்று பேர்: அவரோடு பள்ளியில் படித்து, பத்துச் சக்கர லாரி ஓட்டிக்கொண்டிருந்த பெரியண்ணன், லோடுமேன்களுக்கு மேஸ்திரியாக இருந்த மாதையன், எடைமேடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சம்பூர்ணம். கண் மஞ்சளாகிவிட்டது, இனியும் இப்படியே விட்டால் ஆளே மிஞ்சமாட்டார் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை லாரியில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போய், ஒரு வருடத்துக்கென்று சொல்லவைத்து, கயிறு கட்டவைத்துக் கூட்டிவந்தார்கள். அவர் மறுப்புச் சொல்லவில்லை. அவர் எதற்குமே மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

மூன்று நாள் நடுங்கினார், வியர்த்தார், சுவரில் எறும்பு போகிறது என்றார். நாலாம் நாள் எழுந்து குளித்து வேலைக்குப் போய், வழக்கம்போல மேடையில் ஏறி நின்றார். நூற்றெண்பது. இறங்கினார், பூஜ்யம். ஏறினார், நூற்றெண்பது. மறுநாள் முந்நூற்றுப் பத்து. அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணூற்று நாற்பது. உடம்பு ஒரு சுற்றுக்கூடப் பெருக்கவில்லை, அதே சட்டை, அதே இடுப்பு வார், அதே துளை. "எடை ஏறிட்டே இருக்குது வசந்தா," என்று, ரசத்தில் உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் என்னிடம் சொன்னார்.

முதலில் எல்லோரும் மேடையைத்தான் சந்தேகப்பட்டார்கள். எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை போடும் அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் ஜீப்பில் இருபது கிலோ இரும்புக் கற்களோடு வந்து, ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் என் கணவரையும் ஏறச் சொல்லிப் பார்த்து, மேடையில பிழை இல்லைங்க, பிழை இருந்தா ஆள்லதான் இருக்கணும், ஆளுக்கு முத்திரை போடற அதிகாரம் எனக்கில்லை என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

வேறோர் ஊராக இருந்தால் அவரைச் சாமியாக்கி உண்டியல் வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் நாலு பேர் ஜாக்கியோடு வந்தார்கள். கனத்துக்குப் பயப்படத் தெரியாத ஊர் அது. நாற்காலி முறிந்ததும் பட்டறைக்காரர் பழைய லாரி சேஸிஸை அறுத்து ஒரு கட்டிலும் ஒரு முக்காலியும் பற்றவைத்துக் கொடுத்தார், கூடத்துத் தரை விரிசல் விட்டதும் லாரித் தளத்துக்குப் போடும் தகட்டைக் கொண்டுவந்து விரித்தார்கள், வாசல் சாக்கடையைத் தாண்ட இரண்டு தண்டவாளத் துண்டுகளைப் போட்டார்கள். அவர் தெருவில் நடந்து போனால் பாத்திரங்கள் அலமாரியில் மெல்ல ஒலிக்கும், பெண்கள் அடுப்படியிலிருந்தே, அர்த்தநாரியண்ணன் வேலைக்குப் போறாரு, மணி எட்டரை ஆயிருச்சு என்று தெரிந்துகொள்வார்கள். ஒரு மாதத்தில் அது பால்காரர் வருவதைப்போல ஆகிவிட்டது. பெரியண்ணன் மட்டும், உன்னைய ஏத்துனா செக்போஸ்ட்ல எனக்கு ஓவர்லோடு கேஸ் போட்டுருவாங்கடா என்று கேலி பேசுவார், என் கணவர் சிரிக்க முயன்று பாதியில் விட்டுவிடுவார். அந்தப் பாதிச் சிரிப்பை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

உறவுக்காரர்கள் வந்து, என்ன குறை உனக்கு என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, படித்த பெண்டாட்டி இருக்கிறாள், குடியையும் விட்டாயிற்று, என்னதான் குறை? அவரிடம் சொல்வதற்கு ஒரு சாவு இல்லை, ஒரு துரோகம் இல்லை, ஒன்றுமே நடந்திருக்கவில்லை. பதினேழு வயதில் ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததை மட்டும் அவர் நினைவில் வைத்திருந்தார், அன்றைக்கும் ஒன்றும் நடந்திருக்கவில்லை. என்ன குறை என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போன மறுநாள் எடை முப்பது நாற்பது கிலோ ஏறியிருக்கும்.

இரண்டாம் மாத முடிவில் ஆயிரத்து அறுநூற்றைம்பது. அன்றைக்குத்தான் குளியலறைக் கல் உடைந்து அவர் முழங்கால்வரை தரைக்குள் இறங்கிவிட்டார். மாதையன் தன் ஆட்கள் ஆறு பேரோடு வந்து கடப்பாறை போட்டு நெம்பினார், அவர் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை, இன்னும் ஒரு விரற்கடை இறங்கினார். தலை நிமிராமல், யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்:

"விட்டுருங்கப்பா. இப்படியே உள்ள போயிட்டா நல்லாருக்கும்."

மாதையன் முகம் மாறி, சங்கிலிக் கப்பி கொண்டுவருகிறோம் என்று ஆட்களோடு ஓடினார். வீட்டில் நானும் அவரும் மட்டும். அரிசிப் பானைக்குப் பின்னால் பாதிப் பாட்டில் பிராந்தி இருந்தது. கயிறு கட்டிய அன்றே மற்ற எல்லாவற்றையும் கொட்டிய நான் அதை மட்டும் ஏன் வைத்திருந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் கையைப் பிடித்து, முனியப்பன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். டம்ளரில் ஊற்றினேன். நானே வாயில் வைத்தேன்.

கிணற்றிலிருந்து காலி வாளி ஏறுவதுபோல் அவர் அந்தக் குழியிலிருந்து தானாகவே ஏறி வந்தார். அவர் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகையில், நான் பாதியில் விட்ட தாளிப்பை மறுபடி அடுப்பில் ஏற்றினேன். அவர் முகத்தில் பழைய களை திரும்பியது. "கறிவேப்பிலை வாசம் அடிக்குதே, என்ன சமையல்?" என்றார்.

பதினோரு வருடம், ஒவ்வொரு மாலையும், இரண்டாவது டம்ளருக்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி அது. அதைக் கேட்கிற ஆள்தான் என் புருசன், அவரைக் காலையில் குடி தின்றுவிடுகிறது என்று நான் நினைத்திருந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு அன்று எனக்குப் புரிந்தது, அவர் சந்தோசத்துக்காகக் குடிக்கவில்லை, கட்டிலிலிருந்து எழுந்திருப்பதற்காகக் குடித்திருக்கிறார். அழுகை வந்தது, கறிவேப்பிலை கருகியது.

கப்பியோடு வந்த பெரியண்ணனும் மாதையனும், அவர் மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், அப்புறம் டம்ளரைப் பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. மெல்ல நடத்தி எடைமேடைக்குக் கூட்டிப்போனார்கள். அறுபது. மறுநாள் காலையில், ஆயிரத்து எழுநூறு.

பெரியண்ணன் சம்பூர்ணத்தின் கடை பெஞ்சில் டீயில் ஆடை படியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு என்னை அழைத்துச் சொன்னார்:

"தங்கச்சி, நாம போட்ட சீட்டே தப்பு. குடியைத்தான் லோடுன்னு நெனச்சு எறக்கச் சொன்னோம். குடிக்காதவனைக் காலி வண்டின்னு எழுதிட்டோம். அவன் காலியா நின்னதெல்லாம் குடிச்சப்பத்தான். லோடு சின்ன வயசுலயே ஏறிருச்சு, அதோட வண்டி நகரலைன்னுதான் குடிச்சிருக்கான்."

"அப்ப குடிக்கட்டும்ங்கறியா?" என்றார் சம்பூர்ணம், பாய்லரைத் துடைத்துக்கொண்டே.

"குடிச்சா வண்டியே போயிருமுங்க்கா. லோடு அச்சை ஒடைக்குது, குடி எஞ்சினைத் திங்குது. ரெண்டுக்கும் சேத்துப் பாக்கணும்."

முப்பது வருடமாக லாரிகளோடு பழகிய ஓர் ஊர் மட்டுமே செய்யக்கூடிய பிழையை நாங்கள் செய்திருந்தோம். அதைக் கண்டுபிடித்ததும் ஒரு லாரிக்காரர்தான்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா இருப்பது பெரியண்ணனுக்குத் தெரியும், தூக்கம் போன ஒரு டிரைவரைக் கூட்டிப்போயிருக்கிறார். பஸ்ஸில் ஏற்ற முடியாது, காரில் ஏற்ற முடியாது, ஆகவே லாரியில் ஏற்றினார்கள். மாதையனின் ஆட்கள் பலகை சாய்த்து, இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டு, மஞ்சள் மூட்டைக்குக்கூடக் காட்டாத பொறுமையோடு, ஐலசா போடாமல், மெதுவாக, மெதுவாகங்கண்ணா என்று அவரிடமே பேசிக்கொண்டு மேலே தள்ளினார்கள். வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். நான் உள்ளே அவர் அருகில் உட்கார்ந்துகொண்டேன். செக்போஸ்ட்டில், ஒன்றே முக்கால் டன் என்ன சரக்கு என்று கேட்டார்கள். "சிநேகிதனுங்க," என்றார் பெரியண்ணன். கேட்டவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், தார்ப்பாயைத் தூங்குகிறவர்மேல் போர்வையை விடுவதுபோல விட்டுவிட்டுத் தடுப்பைத் தூக்கச் சொன்னார்.

டாக்டரம்மா குள்ளமானவர், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். நாற்காலி தாங்காதென்று வேப்பமரத்தடிக் கருங்கல்லில் அவரை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். எடையைச் சொன்னோம், வியப்படையவில்லை. இதைவிடக் கனமானவர்கள் தினமும் இந்த வாசலில் வருகிறார்கள், அவர்கள் ஊரில் எடைமேடை இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார். ஒரே நாளில் குடியை நிறுத்தவைத்ததற்கு எங்கள் எல்லோரையும் திட்டினார், அந்த மூன்று நாளில் உயிரே போயிருக்கும், இப்போதும் இங்கேயே படுக்கவைத்துத்தான் மற்றதைப் பார்ப்பேன் என்றார். கனமும் குடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிற்றின் இரண்டு புரி, ஒன்றை மட்டும் இழுத்தால் மற்றது இறுகும், இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிரிக்க வேண்டும் என்றார். என்ன குறை என்று இனி ஒருத்தரும் இவரைக் கேட்கக் கூடாது என்று, மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைச் சம்பூர்ணம் தன் கடைச் சுவரில் ஒட்டினார்.

மூன்று வாரம் அங்கே இருந்தார். அதற்கப்புறம் பதினைந்து நாளுக்கொரு முறை போய்வர வேண்டும். எட்டு மாதம் போனோம். எந்த லாரி என்று நான் ஒருமுறைகூடக் கேட்டு அலையவில்லை, முந்தின நாளே யாராவது வந்து, நாளைக்கு நம்ம வண்டிங்க அம்மிணி, ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஜவ்வரிசி ஏற்றிய வண்டியில் போயிருக்கிறோம், சிமெண்ட் வண்டியில் போய் இரண்டு பேரும் வெளுத்துத் திரும்பியிருக்கிறோம், வழி முழுக்கத் தன் மாமியாரைப் பற்றியே பேசிய டிரைவரோடும், வாயே திறக்காமல் வந்து இறக்கும்போது ஒரு கொய்யாப்பழத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் போன டிரைவரோடும் போயிருக்கிறோம், மழையில் பலகை வழுக்கியபோது தன் தோளை முட்டுக்கொடுத்து ஒரு வாரம் கை தூக்க முடியாமல் கிடந்த லோடுமேன், என்னைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை இறக்கியதா, டாக்டரம்மாவின் பேச்சு இறக்கியதா, இந்த மனிதர்கள் ஆளுக்கொரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனார்களா, எனக்குத் தெரியாது, எடை இறங்கியது. பத்துப் பத்தாக, சில வாரம் ஏறி, சில வாரம் இறங்கி, எட்டாம் மாதம் எழுநூறுக்கு வந்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடைமேடைப் பக்கமிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. நூலகத்தைத் திறந்துபோட்டபடியே ஓடினேன். கண்ணாடிக்குள் சிவப்பு எழுத்தில் அறுபது. சம்பூர்ணம் எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார், மாதையன் துண்டைத் தலைக்குமேல் சுழற்றி இரண்டு அடி ஆடினார், யாரோ பெரியண்ணனுக்குப் போன் போட வேண்டும் என்றார்கள், அவர் சரக்கோடு நாக்பூர் போயிருந்தார். என் கணவர் மட்டும் மேடையின் நடுவில் நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கவில்லை.

எழுநூறு ஒரே இரவில் அறுபதாவதில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் கனத்தோடு பிழைப்பவர்கள், அவர்களுக்குத் தெரியாததல்ல. அந்த எண்ணுக்காக எட்டு மாதம் காத்திருந்தார்கள், அதனால் தெரியவில்லை. நான் மேடையில் ஏறி அவர் அருகில் போனேன். வாசனை வந்தது.

"குடிச்சுட்டேன் வசந்தா," என்றார். "ஒரு டம்ளர். இப்ப என்னால எங்க வேணும்னாலும் நடந்து போக முடியும். அதான் பயமா இருக்குது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு எடத்துக்குப் போலாம்னு தோணுது. ஒண்ணு எதுன்னு உனக்குச் சொல்லமாட்டேன். இன்னொண்ணு சேலம். கனம் திரும்பி வர்றதுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போயிரு."

அப்புறம் அவரே திரும்பி, டீ டம்ளர்களோடு நின்றவர்களிடம், சந்தோசப்படாதீங்க, இது குடிச்ச எடைங்க என்று சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் அத்தனை பேர் முன்னால் குரலெடுத்துப் பேசியது அந்த ஒரு முறைதான். மாதையன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அதனாலென்னங்கண்ணா. நடக்க முடியறப்பவே போயிட்டு வந்துருங்க," என்று சொல்லிவிட்டு, நடுரோட்டில் போய்க் கை இரண்டையும் விரித்து நின்று, ஈரோட்டிலிருந்து சேலம் போகிற, அங்கே நிற்காத பஸ்ஸை நிறுத்தினார்.

வலப்பக்கம் மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். பதினேழு வயதுக்கப்புறம் பஸ்ஸிலிருந்து எதையும் பார்த்ததேயில்லை என்பதுபோல அவர் கரும்புக் காட்டையும் கிழங்கு மில்லையும் பார்த்துக்கொண்டு வந்தார். வைகுந்தம் தாண்டியது. மகுடஞ்சாவடியில் இருக்கைக் கம்பி முனகியது. அவர் கண்ணை மூடினார். பஸ் வலப்பக்கம் மெல்லச் சாயத் தொடங்கியது, முன்னால் தொங்கிய பூச்சரம் நேராக நிற்காமல் விலகியது, டயர் எதிலோ உரசி ரப்பர் தீய்கிற வாடை வந்தது. டிரைவர் ஓரங்கட்டினார்.

கண்டக்டர், காதில் பேனா செருகிய ஒல்லியான மனிதர், எங்கள் அருகில் வந்து நின்றார். "எறங்கிக்கறனுங்க," என்றார் என் கணவர், ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுவரைக்கும் போகணும்?"

"ஆஸ்பத்திரிங்க," என்றேன்.

அவர் பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி, வலப்பக்கம் இருக்கறவங்க எந்திரிச்சு இடப்பக்கம் வந்து நின்னுக்குங்க என்று, சில்லறை கேட்கிற குரலில் சொன்னார்.

எழுந்தார்கள். முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு பெண், தூங்குகிற குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர், கல்லூரிப் பெண்கள், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டு பெரியவர்கள், எழுந்து போய் இடப்பக்கத்தில் இருந்தவர்களோடு நெருக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போதும் முழுதாக நேராகவில்லை என்று தெரிந்ததும், இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து ஜன்னலை ஒட்டி நின்று இடம்விட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் அவர் வாழ்ந்த இருபத்தோரு வருடத்தில், காலையில் எழுந்திருக்கக் கடினமான நாட்களில், மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டது இந்த இடத்தைத்தான், முருங்கைக்காய்ப் பெண்ணிலிருந்து தொடங்கி, ஒருவர் விடாமல்.

பூச்சரம் நடுவுக்கு வந்தது. கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, போலாம் ரைட் என்றார். பஸ் நகர்ந்தது. எங்கள் இருக்கையைத் தவிர வலப்பக்கம் முழுக்க இருக்கைகள் காலியாகக் கிடந்தன. சேலம் வரை யாரும் உட்காரவில்லை.